லாக்கர் மேசைமேல் ஒரு காபி டம்ளர்

ஜப்பானிய பாணியில் கறுப்பு லாக்கர் என்ற அரக்கு மெருகு பூசிய குட்டை மேசை எங்கள் மயூர் விஹார் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது.

கண்ணாடி மாதிரி மின்னும். என் கணவர் அதில் பேப்பரைக்கூட வைக்க விடாமல் பெட்ஷீட் போட்டு மூடிவிட்டார்.

அதைத் தன் கையாலேயே செய்த ரித்து இன்று மேசையைப் பார்க்க வந்தார். வந்ததும் பெட்ஷீட்டை உருவினார். நான் கொடுத்த சூடான காபி டம்ளரை நேராக மேசைமேல் வைத்தார்.

"ஐயோ, கறை படியுமே!" என்று கணவர் எழுந்தே விட்டார்.

"அரே பய்யா, நீங்க புழங்கணும்னுதானே இத்தனை கோட் பூசினேன்!" என்று ரித்து அவரை அண்ணனாக்கி இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

டம்ளரை எடுத்தால் ஈர வளையம். துணியால் ஒரு துடைப்பு. சுவடே இல்லை.

இப்போது கணவர் அதே மேசைமேல் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்க்கிறார்.

ரித்துவிடம் போட்டுக் கொடுக்கட்டுமா, வேண்டாமா?