சைமி உருவிய ஊசியிலைகள்

ஹர்மாயார்வி ஏரிக்கரையில் உள்ள காட்டாய்வு நிலையத்தில் நான் வண்டியோட்டி. கிழக்கு ஃபின்லாந்தின் பைன் காடுகள் காற்றிலிருந்து எவ்வளவு கார்பனை, அதாவது கரியை, பிடித்து வைத்திருக்கின்றன என்று படித்தவர்கள் மேடையேறிப் பேசுவார்கள். அதற்காகக் கை நோக உழைத்தவள் சைமி ஹூட்டுனென். வெட்டிச் சாய்த்த மரங்களின் ஊசியிலைகளை உருவி, காகிதப் பைகளில் போட்டு, ஈரம் போக உலர்த்தி நிறுப்பாள். உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கரி. பத்தொன்பது வருடமாக அவள் விரல்களில் பிசின் கறை போனதே இல்லை. ஆனாலும் தற்காலிக ஊழியர்தான்.

அந்த வருடம் ஆய்வாளர் ராக்னர் வாக்குக் கொடுத்திருந்தார். "சதுப்போர மரங்களோட எடை வந்துடட்டும் சைமி. உங்க வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிடறேன்."

நிலையத்தின் உலர்த்தி அடுப்பு அந்த வாரம்தானா பழுதாக வேண்டும்! காத்திருந்தால் இலைகளில் பூஞ்சை பிடித்துவிடும். எங்கள் ஊரில் யாராயிருந்தாலும் செய்வதைத்தான் சைமியும் செய்தாள். சதுப்போர மரங்களின் இலைகள் இருந்த பன்னிரண்டு பைகளையும் வீட்டுச் சௌனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், உட்கார்ந்து வியர்க்கும் பலகைகள்மேல் அடுக்கினாள். ஆவி கிளம்பாதபடி அடுப்புக் கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் இரண்டு நாள் கணகணப்பு குறையாமல் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை மதியம் தராசு எடுக்க என்னோடு நிலையத்துக்கு வந்தாள்.

அதற்குள் மரம் வெட்டப் போயிருந்த அவள் கணவன் வில்ஹோ திரும்பிவிட்டான். சனிக்கிழமை சௌனாவில் உட்காராவிட்டால் அவனுக்கு உயிரே போய்விடும். நாங்கள் தராசோடு வீடு திரும்பியபோது வெந்து சிவந்து வாசலில் நின்றான்.

"பையெல்லாம் எங்கய்யா?" என்றாள் சைமி.

"அதுவா? நல்லா காய வச்சிருந்தே. நெருப்பு வச்சதும் படபடன்னு புடிச்சுக்கிச்சு."

"பன்னெண்டுமா?"

"வெறகெல்லாம் ஈரம். வேற எதைப் போடுறது?"

"பத்தொம்பது வருஷமா நான் என்ன வேலை பாக்குறேன்னு உனக்குத் தெரியாதா?"

"ஏன் தெரியாது? காட்டுல குப்பை பொறுக்குற."

அவனை அப்படியே ஏரியில் தள்ளியிருக்க வேண்டும். தள்ளாததற்கு இன்றும் வருந்துகிறேன்.

வெட்டிய மரங்கள் பனிக்கடியில் போய்விட்டிருந்தன. "வேற மரத்து இலைய நிறுத்து வச்சுடு சைமி, யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். திங்கட்கிழமை நேராக ராக்னரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

"விடுங்க. மரத்தோட பருமனும் உயரமும் கைவசம் இருக்கே. சூத்திரத்துல போட்டு எடையக் கணக்குப் பண்ணிப் பாக்கறேன்."

எனக்கு மூச்சு வந்தது. வசந்தத்தில் அவர் சைமியைக் கூப்பிட்டனுப்பினார்; நானும் கூடப் போனேன். சூத்திரம் கொடுத்த எண் எங்கும் இடிக்கவில்லையாம். இனி கையால் உருவி நிறுக்க அவசியமில்லை, அந்த வேலையையே எடுத்துவிட்டார்களாம்.

சைமி ஒன்றுதான் கேட்டாள். "அந்தச் சூத்திரத்த எதை வச்சுப் போட்டீங்க?"

"எல்லாம் நீங்க இத்தனை வருஷமா நிறுத்துக் குடுத்த எடைய வச்சுத்தான்!" பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார் மனிதர்.

"அப்ப என் பொழைப்புல நானே மண்ணள்ளிப் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வீட்டு வாசலில் இறங்கியதும் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எரிஞ்சதால கணக்குல ஒண்ணும் கொறையலன்னு வில்ஹோகிட்ட மட்டும் சொல்லிடாத. சந்தோஷப்படுவான்."