ஆலமரத்தில் தொங்கிய சாக்கு

சோதனைத் தாளில் ஒற்றை வார்த்தையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'நெகட்டிவ்' என்று இருந்தால் போதும், அதற்குமேல் டாக்டர் சொல்வது எதுவும் காதில் ஏறாது. சங்கரன்கோவில் பக்கம் மாட்டு டாக்டராக இருந்துகொண்டு இதற்காகவே தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்.

திருவேங்கடம் ஊருக்குப் போகிற வழியில் குடியிருந்த ஒரு அக்காவிடமும் கத்தினேன். தனிக்கட்டை. ஒரே ஒரு மாடு, அந்தப் பாலை வைத்துத்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. ஏழு மாதச் சினையில் கன்று செத்து விழுந்துவிட்டது என்று போன் வந்ததும் போய் ரத்தம் எடுத்தேன்.

"நஞ்சுக்கொடிய என்னக்கா செஞ்சிய?"

"சாக்குல கெட்டி ஆலமரத்துல தொங்க விட்டாச்சு. பால் மரத்துல கெட்டுனாத்தான மாட்டுக்குப் பால் ஊறும்?"

"எதால எடுத்திய?"

"கையாலதான். பெறகு காலாலயா எடுப்பாவ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சினையைக் கலைக்கிற 'கன்று வீச்சு' நோயாக இருந்தால் அந்தக் கொடியில்தான் கிருமி மொய்த்துக் கிடக்கும். மனிதருக்கும் ஒட்டும். சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்திருக்க வேண்டும்.

சோதனையில் நெகட்டிவ் என்று வந்தது. கன்று விழுந்த கையோடு எடுத்த ரத்தத்தை நம்ப முடியாது, நோய்க்கு எதிரான சக்தி ரத்தத்தில் ஊறி வந்தால்தான் சோதனையில் பிடிபடும், சில வாரம் கழித்து மறுபடி எடுக்கணும், பாலைக் காய்ச்சாமல் வாயில் வைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "அதான் இல்லைன்னு வந்துட்டுல்லா!" என்று மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அன்றைக்குக் கோபம் வந்தது.

இரண்டாவது ரத்தத்தை நானே வலியப் போய் எடுத்தேன். தட்டில் ஒரு துளி விட்டு இளஞ்சிவப்பு மருந்தைக் கலந்தேன். பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி திரிந்துபோனது. நோய் இருந்தால்தான் அப்படித் திரியும். கன்றாக இருந்தபோது தடுப்பூசி போட்டிருந்தாலும் சில மாட்டுக்கு இப்படிக் காட்டும் என்ற நப்பாசையில் கேட்டேன். போட்டதே இல்லையாம். பெரிய லேபிலும் நோய்தான் என்று உறுதிப்படுத்திவிட்டார்கள்.

அதற்குள் அக்காவுக்கும் சாயங்காலமானால் காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு வலி. திட்டித்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவர் ரத்தத்திலும் அதே நோய். விடாமல் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார்கள்.

"அப்ப மாட்டுக்கு என்ன மருந்து, டாக்டரம்மா?"

"அதுக்கு வைத்தியம் கெடையாதுக்கா. இனிமே சினைக்கு விடக் கூடாது. விக்கவும் கூடாது, வாங்குதவங்க தொழுவுக்கும் பரவிரும்."



"தெரியாத்தனமா கையால எடுத்தவ எனக்கு மருந்து இருக்கு. ஒரு தப்பும் செய்யாத வாயில்லா சீவனுக்கு இல்லியாக்கும்? இது என்ன நியாயம், சொல்லுங்க!"

ஊரையே அதட்டுகிற நான் அன்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது மாடு பால் வற்றி, வேப்பமரத்தடியில் தனியே நின்றது. அக்கா புல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"காய்ச்சல் எப்படி இருக்குக்கா?"

மாட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அதன் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல என்னைத் தள்ளி அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எனக்குக் கொணமாயிட்டு, டாக்டரம்மா."