பினாங்கு மார்க்கெட்டில் ஒரு கொத்து கறிவேப்பிலை

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். என் மகள் கனகாவுக்கு அது வாய்க்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பினாங்கு துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. உலக யுத்தம் முடிந்து கப்பல்கள் அப்போதுதான் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. அவளுக்கு இடம் கிடைப்பதற்குள் மாசம் ஏறிவிட்டது. சரி, அவள் வர முடியாவிட்டால் நான் போகிறேன் என்று மலைக்குப் போய் முருகனிடம் சொல்லிவிட்டு, விபூதிப் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு கிளம்பினேன்.

திருத்தணியிலிருந்து அரக்கோணம் எட்டு மைல், அங்கிருந்து பட்டணம் வரை ரயில். கப்பலில் திறந்தவெளித் தளத்து டிக்கெட், ஏழு நாள். அம்மை குத்திக்கொண்ட சீட்டு இல்லாமல் ஏற விடமாட்டார்கள், அதை மறக்காதீர்கள். இறங்கியதும் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். பக்கத்துத் தீவு ஒன்றில் ஐந்து நாள் உட்கார வைத்து, வியாதி இல்லை என்று பார்த்த பிறகுதான் விட்டார்கள். எதிரே ஊர் தெரிகிறது, மகள் அங்கே இருக்கிறாள், நான் இங்கே கரையில் நடக்கிறேன். அந்த ஐந்து நாளும் நான் உட்கார்ந்து சாப்பிட்டதாக ஞாபகமே இல்லை.

போய்ச் சேர்ந்தபோது பேரனுக்குப் பன்னிரண்டு நாள். கனகாவுக்குப் பால் போதவில்லை. டப்பாப் பாலைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை குடித்துவிட்டுக் கக்கும், மறுபடி அழும். எனக்குத் தெரிந்த மருந்து பூண்டும் முருங்கைக்கீரையும்தான். மறுநாள் விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன்.

அங்கே சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சுக்கு, மிளகு, ஓமம், பெருங்காயம் எல்லாம் தமிழ்க் கடைத்தெருவில் கிடைக்கும். அரிசிக்குக் கூப்பன் வேண்டும். பச்சைக் காய்கறிக்கு மட்டும் பெரிய மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். அவர்கள் நிறுக்கிற 'கட்டி' நம் வீசையில் பாதிகூட வராது. காசு ரூபாய் அணா இல்லை, வெள்ளிக் கணக்கு, டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். உள்ளே நுழைந்தால் பன்றித் தலை தொங்கும். நான் முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். கண்ணை மூடினால் வழுக்குகிறது, தரையெல்லாம் மீன் தண்ணீர். ஆகவே கண்ணைத் திறந்துகொண்டே முருகனைக் கூப்பிடுங்கள்.

கடைசி வரிசையில் ஒரு சீனத்து அம்மா, என் வயசுதான் இருக்கும், கூடை பரப்பி உட்கார்ந்திருந்தாள். முருங்கைக்கீரை அன்றைக்குத் தீர்ந்துபோயிருந்தது. கத்தரிக்காய் வாங்கினேன், காசு கொடுத்தேன். பிறகு நம் ஊரில் செய்வதுபோல ஒரு கொத்து கறிவேப்பிலையை எடுத்துப் பைக்கு மேலே வைத்துக்கொண்டு திரும்பினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அவள் பாஷையில் கத்துகிறாள், கூட்டம் சேர்கிறது.

"இன்னாத்துக்கு இம்மாம் சத்தம் போடறா இவ? காசுதான் குடுத்தேனே" என்றேன்.

பக்கத்தில் தேங்காய்க் கடை வைத்திருந்த ராமநாதபுரத்து பாய்தான் தமிழில் சொன்னார். "அக்கா, அது கத்தரிக்காய்க்கு உள்ள காசு. கறிவேப்பிலைக்குத் தனியாக் கொடுக்கணும். இங்கன கொசுறு கிடையாது."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. திருடி என்றா நினைத்தாள்? கத்தரிக்காயையும் சேர்த்து அவள் கூடையிலேயே கொட்டிவிட்டு வந்துவிட்டேன். வெறும் பையோடு வந்த என்னைப் பார்த்துக் கனகா, "ஏம்மா, யார்கிட்டனா சண்டை போட்டுகினு வந்தியா?" என்றாள்.

அடுத்த மூன்று நாள் அந்த ஊரில் நான் சுற்றாத தெரு இல்லை. முருங்கைக்கீரை எங்கேயும் இல்லை. கடைசியில் பாயிடமே போய் நின்றேன். அந்த அம்மாவின் வீட்டு வேலியில் இரண்டு முருங்கையும் ஒரு கறிவேப்பிலை மரமும் இருக்கிறதாம். இருட்டோடு ஒடித்து, ஐந்து மைல் தோளில் சுமந்து வருகிறாளாம். அவளை விட்டால் வேறு யாரிடமும் இல்லை என்றார். அன்று ராத்திரி பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போனது. என் கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

விடிகாலை அவள் கூடையை இறக்கும்போது எதிரே நின்றேன். உள்ளங்கையில் காசை விரித்து, முதலில் கறிவேப்பிலையைக் காட்டினேன். ஒரு கொத்துக்குக் காசு எடுத்துக்கொண்டாள். பிறகு முருங்கைக்கீரையைக் காட்டினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து பாயிடம் ஏதோ கேட்டாள்.

"இந்தக் கீரைக்கு எதுக்கு இப்படி அலையிறீகன்னு கேக்குறா" என்றார் அவர்.

"பொண்ணு புள்ள பெத்திருக்கா, பால் இல்ல, கொழந்த கத்திகினே கீதுன்னு சொல்லுங்க பாய்."

அவர் சொன்னார். அவள் கூடையில் இருந்த மூன்று கட்டுக் கீரையையும் என் பையில் திணித்து, காசைச் சரியாக எண்ணி வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு பப்பாளிக்காயை எடுத்து, தன் மார்பைத் தட்டிக் காட்டினாள். மீனோடு சேர்த்து வேகவைக்க வேண்டுமாம், அவள் மருமகளுக்கு அதுதான் கொடுத்தாளாம். அதற்கும் காசுதான். பப்பாளி என்றதும் எனக்குப் பகீர் என்றது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு நாம் காட்டவே மாட்டோமே. பிள்ளைதான் பிறந்துவிட்டதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அன்று கிருத்திகை. மீன் இல்லாமல் கூட்டாக வைத்தேன்.

நாலாம் நாள் பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினான். எது பலித்தது என்று என்னைக் கேட்டால் முருகன் என்பேன். கனகா பப்பாளி என்பாள்.

போகிறவர்கள் விபூதி, வேப்பம்பூ, வடகம் கொண்டுபோங்கள். அங்கே எதை எடுத்தாலும் முதலில் காசைக் காட்டுங்கள். கைகாட்டிப் பேசினாலே போதும், அவர்களும் பிள்ளை வளர்த்தவர்கள்தான்.

ஊர் திரும்பிய மறுநாள் அடிவாரத்தில் முருகேசன் கடையில் காய் வாங்கினேன். அவன் வழக்கம்போல ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பைமேல் போட்டான். நான் தனியாக ஒரு காலணாவை நீட்டினேன்.

"இன்னாம்மா இது? கப்பல் ஏறிப் போய் வந்ததும் கறிவேப்பிலைக்கும் காசு குடுக்கறே?" என்று சிரித்தான்.

"இது யார் ஊட்டு மரத்துதுப்பா?" என்றேன்.

அடுத்த ஆளுக்கு நிறுக்கப் போனவன் தராசைப் பிடித்தபடி நின்றான். "யாரோ ஒரு கெழவி குடுத்துட்டுப் போவும். ஏம்மா?"

காலணாவைத் தராசுத் தட்டில் வைத்தேன். "நாளைக்கு அந்தம்மா வந்தா குடுத்துடு" என்றேன்.