கோபோவுக்கு விளக்கில்லை

அமகசாக்கி கடைத்தெருவில் என் கொரொக்கே கடை முன்னால் நின்று யாராவது சிரித்தால், அது பெரும்பாலும் கினுவேயைப் பார்த்துத்தான் இருக்கும். பனைமர உயரம், ஒல்லி, முப்பது தாண்டியவள். வாரமெல்லாம் என்னிடம் உருளைக்கிழங்கை மசித்து உருட்டிக் கொரொக்கே பொரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை தலையில் ஒரு கோபோ வேரை மாட்டிக்கொண்டு மேடையேறிப் பாடுவாள்.

குழுவின் பெயர் 'நிமோனோ', எங்கள் ஊர்க் காய்கறிக் குழம்பு. பெயருக்கேற்ப நான்கு பெண்களும் குழம்பில் வேகும் காய்கள்: கேரட், வெங்காயத்தாள், வெள்ளை முள்ளங்கி, பிறகு நீண்டு மண்ணிறமாயிருக்கும் கோபோ. பஞ்சடைத்த அந்த வேடங்களையெல்லாம் தைத்தவள் கினுவேதான். நால்வரும் ஒரு பெரிய அலுமினியப் பானைக்குள் இறங்கி, "இன்னும் வேகல! இன்னும் வேகல!" என்று குதிப்பார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. இரண்டாம் முறை நானும் சேர்ந்து கத்தினேன்.

ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்தவளின் நிறத்தில் கைவிளக்கை ஆட்டுவார்கள். ஆரஞ்சு, பச்சை, வெள்ளை எல்லாம் கடையில் கிடைக்கும். மண்ணிறத்தில் எவன் விளக்குச் செய்கிறான்? இன்னொருத்தியின் நிறத்தை அவளுக்கு ஆட்டுவது அவமரியாதை என்று, கினுவே தனியாகப் பாட வந்ததும் எல்லாரும் விளக்கை அணைத்துவிடுவார்கள். அப்படியொரு பாழாய்ப்போன மரியாதை! அவள் இருட்டில் நின்று பாடுவாள்.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள், குழுவை நடத்தும் சுகுடா ஒரு தக்காளித் தொப்பியோடு கடைக்கு வந்தான்.

"கினுவே, கோபோவ மூட்டை கட்டிடலாம். வீடியோவுல உன் பாட்டு வந்தாலே கரண்டு போன மாதிரி இருக்கு. இனிமே நீ தக்காளி. செவப்பு விளக்கு எங்கயும் கெடைக்கும்."

"நிமோனோவுல எவண்ணே தக்காளி போடுவான்?"

"மாட்டேன்னா விடு. தக்காளிக்கு வேற பொண்ணு ரெடியா இருக்கா."

கினுவே சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்கு என் பாட்டுக்கு அரங்கம் ஒளிர்ந்துதுன்னா?"

"அப்பறம் நீ சாகற வரைக்கும் கோபோதான்," என்று சிரித்தான் சுகுடா. எனக்கு வந்த ஆத்திரத்தில், ஆறிப்போன கொரொக்கேயாகப் பார்த்து அவனுக்குக் கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் விழா. அரங்குக்குள்ளே போகிற எல்லாரும் ஒரு பானம் வாங்கியே ஆகவேண்டும். வெயில் கொளுத்தியதால் பெரும்பாலானவர்கள் கையில் குளிர்ந்த பார்லி டீ பாட்டில். கினுவே முன்னால் வந்தாள். வழக்கம்போல விளக்குகள் அணைந்தன. அந்த நேரம் பார்த்து ஒருவன் இடித்ததில் என் கண்ணாடி கீழே விழுந்தது. தேடுவதற்காகப் போன் வெளிச்சத்தைப் போட்டேன். அதே கையில்தான் பாட்டிலும் இருந்தது. டீ முழுக்க வெளிச்சம் ஏறி, அசல் கோபோ நிறத்தில் ஒளிர்ந்தது.

பக்கத்தில் நின்றவன் மொரிவாக்கி. லாரி ஓட்டுகிறவன், ரசிகர்களின் கூச்சலுக்குத் தலைவன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அப்படியே நில்லுங்க!" பிறகு கூரை அதிரக் கத்தினான்: "டேய், டீ பாட்டில தூக்குங்கடா! அடியில போன் லைட்ட வைங்கடா!"

முதலில் நாலைந்து. பிறகு வரிசை வரிசையாக. பீர் வாங்கியவர்கள் பீரைத் தூக்கினார்கள். நிறம் கொஞ்சம் வெளுப்புதான், மன்னித்துவிட்டோம். அரங்கம் முழுக்க மண்ணிற வெளிச்சம் ஆடியது. கினுவேக்கு ஒரு வரி மறந்துபோனது. அந்த வரியை நாங்கள் பாடினோம். நான் கண்ணாடியைத் தேடவேயில்லை. அழுகிற கண்ணுக்கு அது எதற்கு?

எனக்குப் பின்னாலேயே, கடைசி வரிசையில் சுகுடா நின்றிருந்தான். தக்காளித் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனும் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். ஆனால் டீயை எப்போதோ குடித்துத் தீர்த்திருந்தான். அவன் கையில் மட்டும் வெறும் வெள்ளை வெளிச்சம்.

கினுவே பாட்டை நிறுத்தி, மைக்கிலேயே சொன்னாள்:

"சுகுடா அண்ணே, அது முள்ளங்கி கலரு! இது என் பாட்டு. ஓடிப்போய் ஒரு டீ வாங்கிட்டு வாங்க!"

அரங்கமே திரும்பிப் பார்க்க, அவன் ஓடினான்.