நாலு பக்கமும் மூடிய தோசைக் கூடாரம்

தமிழ்ச் சங்கச் செயலாளர் பொய் சொல்கிறார். பொங்கல் விழாவில் சரோஜா மயங்கி விழுந்ததற்கு என் கவனக்குறைவே காரணம் என்று சங்க மலரில் எழுதியிருக்கிறார். தமிழ் நன்றாக எழுதுகிறார். அடுப்புதான் அவருக்குத் தெரியாது.

நான் அமெரிக்காவில், நியூஜெர்சி ஐசலினில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். சரோஜா அங்கே சட்னி, சாம்பார் பார்க்கிறவள். போன ஜனவரியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு பள்ளிக்கூட பார்க்கிங்கில் சுடச்சுடத் தோசை போட எங்களைக் கூப்பிட்டார்கள். தரையெல்லாம் பனி.

கேஸ் கிரிடில், அதாவது கேஸில் எரியும் தோசைக்கல், குளிரில் அடம்பிடிக்கும். சிலிண்டர் உறைந்து வெளுக்கும், தீ சோம்பும். கல் சூடேறுமுன் மாவை ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு சிலிண்டரை மாற்றி மாற்றிப் போடுவேன். கூடாரத்துக்குக் காற்று அடிக்கிற பக்கம் மட்டும் மறைப்பு. மற்ற மூன்று பக்கமும் திறந்திருக்கும்.

செயலாளர் வந்தார். ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடுமே என்று கவலைப்படுகிற உத்தியோகம் அவருக்கு.

"மாஸ்டர், லைன் ஜிம் வரைக்கும் நிக்குது. என்ன பண்றீங்க?"

"குளிர்ல கேஸ் சரியா வரல சார். கொஞ்சம் பொறுங்க."

"நாலு பக்கமும் டார்பாலின் கட்டிட்டா ஹீட் உள்ளயே நிக்கும். சிம்பிள் பிசிக்ஸ்!"

"வேணாம் சார். அடுப்பு எரியற இடம், காத்து போகணும்."

"புகையே வரலையே? இது என்ன விறகடுப்பா? லேடீஸெல்லாம் பட்டுப்புடவைல நடுங்கறாங்க மாஸ்டர்."

சங்கத்து ஆட்கள் நாலு பக்கமும் தார்ப்பாயைக் கட்டினார்கள். கல் சூடானது, தோசை முறுகலாக வந்தது. செயலாளர் மைக்கில் தன் ஐடியாவுக்குத் தானே கைதட்டு வாங்கிக்கொண்டார்.

"தலை வலிக்குதுண்ணா" என்றாள் சரோஜா. "டீ குடி" என்றேன். அது என் தப்பு. கொஞ்ச நேரத்தில் சாம்பார் வாளியோடு சரிந்தாள். வால்வை மூடிவிட்டு, கத்தியால் டார்பாலினைக் கிழித்து அவளை வெளியே இழுத்துப் போட்டேன். ஆம்புலன்ஸ், ஆக்சிஜன். பிழைத்தாள். கார்பன் மோனாக்சைடாம். அதற்குப் புகையும் இல்லை, வாசனையும் இல்லை என்றார் டாக்டர்.

மலரைப் படித்துவிட்டு அவள் புருஷன் போன் செய்தான். "உங்கள நம்பித்தானேண்ணா அனுப்பினேன்?" நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல போனை வைத்துவிட்டான். சரோஜா இப்போது வேலைக்கு வருவதில்லை.

புதிதாக அடுப்புக்கு வருகிறவர்களே, குளிரில் தோசை தாமதமானால் ஆகட்டும். யாராவது கூடாரத்தை மூட வந்தால் முதலில் வால்வை மூடுங்கள். பிசிக்ஸை அப்புறம் பேசலாம்.

செயலாளரே, என் தப்பை நான் எழுதிவிட்டேன். டார்பாலினைக் கட்டச் சொன்னது யார்? சரோஜாவின் புருஷன் படிக்கும்படி, அதே மலரில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.