மாமாவின் கடைவாய்ப் பல்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து பிழைத்துக்கொண்டது. இனி வாசிப்பவர்களையும் எதற்கு வதைக்க வேண்டும்? ஆனால் மாமாவைப் பற்றி எழுத அவரே துணியமாட்டார்.

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேராமல், நாங்கள் இன்னும் திரு-கொச்சிக்காரர்களாக இருந்த காலம். அம்மாவின் தம்பியான மாமா எங்கள் வீட்டில் தங்கி, வடசேரியில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவந்தார். அதை நம்பித்தான் மயிலாடியில் அவருக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா ஒருநாள் வந்து, அம்மா செய்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தைக் கடிக்க முடியாமல் வாயில் ஊறப்போட்டுக்கொண்டே, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போனார். மிச்சத்தை மறுநாள் காலையில் மாமா கடக்கடக்கென்று கடித்துத் தின்றார்.

அன்றே நான் அப்பாவோடு வடசேரிச் சந்தைக்குப் போனேன். அவர் வாழைக்குலைக்கு விலை பேச, நான் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தேன். நடுவில் தலைப்பாகை கட்டிய பல்மருந்துக்காரர். அவர் பேச்சைக் கேட்டால் பல்லே இல்லாதவர்களுக்கும் பல் வலிக்கும். "வலிக்கவன் உண்டா?" என்றதும், தாடையைத் துண்டால் கட்டிய ஒருவர் முனகிக்கொண்டு வந்தார். என் மாமா!

கூட்டத்தை நம்பவைக்கக் கூலிக்கு ஒரு நோயாளியை வைத்துக்கொள்வது அந்தத் தொழிலின் வழக்கம். மாமாவின் மருந்துக்கடை வேலை அதுதான். அந்தச் சின்ன வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

"மாமா, காலைல முந்திரிக்கொத்து கடிச்சியளே! எப்பம் வலிச்சுது?" என்று அழுதேன்.

கூட்டம் சிரித்தது. மருந்துக்காரர் அசரவில்லை. "பாத்தியளா! வீட்டுப் பிள்ளைக்கே தெரியாம வலியப் பொறுத்துக் கெடந்திருக்காரு. இந்த மாதிரி வலிக்குத்தான் இந்தக் குப்பி!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. அப்போது பின்னாலிருந்து ஒருவர் முன்னே வந்தார். பெண்ணின் அப்பா.

"மாப்ளே, ஒம்ம மருந்துக்கடை இதுதானாவே?"

"அது வேற, மாமா. நான் பல்லுவலிக்கு வந்தேன்," என்றார் என் மாமா.

"அவ்வளவு வலின்னா மருந்து என்னத்துக்கு? பறிச்சிர வேண்டியதுதானே. ஓய் வைத்தியரே, கொறடு இருக்கில்லா?"

மருந்துக்காரர் பெட்டிக்குள் கையை விட்டுக் குறட்டை எடுத்தார். வலி பொய் என்றால் வேலையும் பொய், பெண்ணும் இல்லை. மாமா தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். குறடு உள்ளே போனபோது என் கையைப் பிடித்தார். என் விரல்கள் நொறுங்கின.

பல் வந்தது. மருந்துக்காரர் அதைச் சட்டென்று உள்ளங்கையில் மூடினார். பெண்ணின் அப்பா விடவில்லை. விரல்களை விரித்து வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சொத்தை இல்லை. தேங்காய்ச் சில்லுபோல வெளுத்திருந்தது. மாமா ரத்தத்தைத் துப்பக்கூட மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்ட பல்லுதான்," என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி. "பறிச்சது நல்லதாப் போச்சு." பிறகு மாமாவின் வாயைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

அவ்வளவு வெள்ளைப் பல்லைக் கெட்டது என்கிறாரே, பாவம், வயதானவருக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

எழுதியதை, கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் என் கூட்டாளிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"மக்கா, எனக்குத் தாலி கெட்டுக வரைக்கும் நீ எங்க வீட்டுப் பக்கம் வந்திராத, கேட்டியா."