ஞானமுத்து சார் ஒரேயொருமுறை அடித்த மணி

ஞாயிறு பூசை முடிந்து பதுளையில் கோயில் வாசலில் நின்றபோது செய்தி வந்தது. பொறியியலாளர் ஞானமுத்து சார் தூக்கத்திலேயே காலமாகிவிட்டார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிற மனிதரா அவர்?

லுணுகலைக்கு மேலே, மலையுச்சியில் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய கோட்டை பாழடைந்து கிடந்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கல் சுமந்து எழுப்பியது. அதை விடுதியாகப் புதுப்பிக்கும் பொறுப்பு அதே தோட்டத்தில் பிறந்த சாருக்குக் கிடைத்தது. நான் அவருக்குக் கீழே மேற்பார்வையாளர்.

கோபுரத்தில் பழைய பெரட்டு மணி தொங்கியது. ஒரு காலத்தில் விடியலில் அது அடித்தால் ஆட்கள் களத்துக்கு ஓடி, பேர் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டும். பிந்தினால் அன்று வேலை இல்லை. விருந்தினர்களுக்கு அதை அடித்துக் காட்டலாம் என்றார் உரிமையாளர். சார் மணியின் நாக்கைச் சாக்கால் சுற்றிக் கட்டிவிட்டார்.

"நான் பால் குடிக்கயில என்னைய இறக்கி வச்சுட்டு எங்கம்மா இந்த மணிக்குத்தான் ஓடுனாங்க. இனி யாரும் இதுக்கு ஓட வேணாம்."

சரியான பிடிவாதக்காரர். உரிமையாளரைச் சமாதானப்படுத்தியே எனக்குப் பாதி உயிர் போனது.

போன ஐப்பசி மழையில், ஒரு மாலை, கோபுரத்தடியில் மண்ணைத் தாங்கி நின்ற கற்சுவர் பிளந்தது. நேர் கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம். எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள். போன் வேலை செய்யவில்லை. மழை இரைச்சலில் கத்தியும் பயனில்லை. சார் கோபுரப் படியில் கால் வைத்தார். அதன் சுவரிலும் வெடிப்பு ஓடியிருந்தது.

"மணி அடிச்சா கோபுரம் தாங்காது, சார்! எறங்குங்க!"

"லயத்துல ஆளு இருக்கு. நீங்க களத்துக்கு ஓடுங்க. வந்த யாரையும் திரும்பிப் போக விடாதீங்க."

சாக்கை அறுத்துவிட்டு அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் காரை உதிர்ந்தது. நான் களத்துக்கு ஓடினேன். பழைய பழக்கத்தில் வயதான பெண்கள்தாம் முதலில் ஓடிவந்தார்கள். என்னவோ ஏதோவென்று மற்றவர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். களம் எதிர்மேட்டில் இருந்தது. லயத்து மாரியாயி அக்கா கடைசியாக, ஆட்டை இழுத்துக்கொண்டு ஏறினார். சுவர் சரிந்து லயத்தை மூடியது.

மணி நின்றுவிட்டது. மழை மூட்டத்துக்குள் கோபுரம் தெரியவில்லை. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு, இருமிக்கொண்டே சார் வந்தார்.

"பேர் கூப்பிட்டாச்சா? எல்லாரும் இருக்காங்களா?"

கோபுரம் எப்படியோ தப்பியது. மறுநாளே ஏறிப்போய் மணியைத் திரும்பவும் கட்டிவிட்டார்.

நேற்று தோட்டத்து மயானத்தில், அவருடைய தாயின் பக்கத்தில் அடக்கம் செய்தோம். மரியாதைக்கு மணி அடிக்கலாமா என்று உரிமையாளர் கேட்டார்.

"வேணாங்க. அவருக்குப் பிடிக்காது" என்றார் மாரியாயி அக்கா.

சாக்கு சுற்றிய மணி மேலே சும்மா தொங்கியது. கீழே மயானம் கொள்ளாமல் தேயிலைச் சரிவெல்லாம் ஆட்கள் நின்றார்கள்.

போய் வாருங்கள், சார். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. எல்லோரும் வந்துவிட்டோம்.